உழைச்செல்வார் உள்ளம்

நோய் தீர்க்கும் முயற்சி ஒருவரால் மட்டும் நிறைவேறுவதன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என வகுத்துரைத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து மருந்தினை ஊட்டிப் பேணுபவன் ஆகியனவே அந்நான்கு. இவற்றுள் இறுதியில் வைத்து எண்ணப்பட்டவனுக்கு அவர் தந்த பெயர் உழைச்செல்வான் என்பது. ‘உழை’ என்பது பக்கம் என்னும் பொருளுடைய பழஞ்சொல். நோயுற்றவன் பக்கத்தே சென்று நிற்பவன் உழைச்செல்வான். நோயாளியிடத்து அன்பும், மனமொழிமெய்களின் தூய்மையும், அறிவும் அவனுக்கு வேண்டும் எனப் பழைய உரை கூறும்.

இக்காலத்துச் செவிலியர்க்கு இப்பெயர் மிகவும் பொருந்தும். செவிலியர்க்கு மட்டுமோ? நோயாளியைத் தூக்கிச் செல்லும் பணியாளர், 108 ஊர்தியை ஓட்டுவோர், குருதியையும் சளியையும் ஆய்ந்து பார்ப்போர், கூடத்தைத் துடைத்துத் தூய்மை செய்வோர் யாவரும் உழைச்செல்வாரே. பிறர் அஞ்சி விலகும் இடத்திற்கு விரும்பிச் செல்வது அவர்தம் தொழில். அங்ஙனம் செல்வோர்தம் உள்ளம் என்ன பாடு படுகிறது என்பதை உலகம் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. 2020ஆம் ஆண்டில் பரவிய கொரோனாப் பெருந்தொற்று அதனை எண்ணச் செய்தது.

2019ஆம் ஆண்டின் இறுதியில் சீன நாட்டு ஊகான் நகரில் இந்நோய் கண்டறியப்பட்டது. 2020 மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என்று கூறியது. நாடுகள் பலவும் கதவடைத்தன. மக்கள் வீட்டினுள் ஒடுங்கினர். வீடே காவல் என்று அனைவரும் உள்ளே இருந்த காலத்தில், வீட்டை விட்டு நாள்தோறும் புறப்பட்டுச் சென்றவர்கள் மருத்துவப் பணியாளர்கள். 2020 சனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் இந்நோயால் இறந்த மருத்துவப் பணியாளர் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என அந்நிறுவனமே பின்னர் மதிப்பிட்டது. அந்த 2020ஆம் ஆண்டு, பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த 200ஆம் ஆண்டு என்பதனால் உலகச் செவிலியர் ஆண்டாக முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. விழா எடுக்க வேண்டிய ஆண்டு செவிலியர்க்குச் சோதனை ஆண்டாயிற்று.

அவர்கள் பட்ட பாட்டில் உடலைச் சார்ந்தது முதலாவது. தலை முதல் கால் வரை மூடும் கவச உடையை ஒருமுறை அணிந்தால், பணி முடியும் வரை கழற்றுதல் அரிது. கழற்றினால் நோய் தொற்றும்; புதிய உடைக்கும் தட்டுப்பாடு. ஆதலின் தண்ணீர் அருந்தாமலும், உண்ணாமலும், இயற்கைக் கடன் கழிக்காமலும் பல மணி நேரம் நின்று பணி செய்தனர். சித்திரை வெயிலில் வியர்வை உள்ளேயே வழிந்தது. கண்ணாடியில் ஆவி படிந்து பார்வை மங்கியது. முகமூடியின் விளிம்பு அழுந்தி மூக்கிலும் கன்னத்திலும் புண் செய்தது. முகம் தெரியாமையால் ஒருவரை ஒருவர் அறிய உடையின்மேல் பெயரை எழுதிக்கொண்டனர்.

உடல் வருத்தம் ஓய்வினால் தீரும். உள்ளத்தின் வருத்தமோ ஓய்விடத்தும் உடன் வரும். தம்மால் தம் வீட்டார்க்கு நோய் வந்துவிடுமோ என்னும் அச்சம் அவர்களை விடாது தொடர்ந்தது. தாயாகிய செவிலி தன் குழந்தையைத் தொடாமல் வாயிலில் நின்று பார்த்து மீண்டாள். முதிய பெற்றோரை உடைய மருத்துவர் வீடு செல்லாமல் விடுதி அறையில் தனித்திருந்தார். மருத்துவமனையிலோ நோயாளிகளைக் காண உறவினர்க்கு இசைவில்லை. இறுதி மூச்சு விடுவோர் பலருக்குப் பக்கத்தில் மகனும் மகளும் இல்லை, செவிலியரே இருந்தனர். கைப்பேசியை நோயாளியின் முகத்துக்கு எதிரே பிடித்து, அவர்தம் மக்களின் குரலைக் கேட்பித்து, பின் அக்கண்களை மூடிவிட்டு, அடுத்த கட்டிலுக்கு நடந்தனர். அழுவதற்கு அவர்களுக்குப் பொழுதில்லை. அழாத துயரம் உள்ளே தங்கும் அன்றோ?

உள்ளத்து அழுத்தம் உடலை எவ்வாறு தாக்குகிறது என்பதை மருத்துவ நூலோர் விளக்குவர். இடர் ஒன்று எதிர்ப்படும்போது சிறுநீரகங்களின்மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலின், கார்ட்டிசால் என்னும் நீர்களைக் குருதியில் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கிறது; தசைகள் முறுக்கேறுகின்றன; அறிவு விழிப்புறுகிறது. இது தீங்கன்று. பாம்பைக் கண்டவன் துள்ளி விலகுவது இதனாலேயே. இடர் நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால், இடர் நீங்காமல் கிழமைக்கணக்கில், திங்கட்கணக்கில் நீடித்தால் உடல் தணியும் வழியறியாது தவிக்கும். உறக்கம் கெடும், உணவில் விருப்பம் குன்றும், சினம் மிகும், நினைவு தடுமாறும். நாண் ஏற்றியபடியே வைத்த வில் நாளடைவில் வளையும் வலிமையை இழப்பது போன்றது இது.

இவ்வாறு தொழிலினால் விளையும் சோர்வுக்கு ஒரு பெயரும் உண்டு. 1974ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து உளவியலறிஞர் எர்பர்ட்டு பிராய்டன்பர்கர் என்பார், பிறர்க்கு உதவும் தொண்டிலேயே தம்மை முழுதும் செலவிட்டோர் உள்ளே எரிந்து தீர்ந்து போவதைக் கண்டு எழுதினார். உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் இச்சோர்வின் அடையாளங்கள் மூன்று என வரையறுத்தது. ஆற்றல் முற்றும் வடிந்து போதல் ஒன்று; செய்யும் தொழிலில் பற்று நீங்கி வெறுப்புத் தோன்றுதல் மற்றொன்று; தன்னால் ஒன்றும் செய்ய இயலவில்லை என்னும் எண்ணம் மூன்றாவது. இது நோயன்று, தொழிற்களத்தில் தோன்றும் நிலை என்றும் அந்நிறுவனம் தெளிவுறுத்தியது. இத்தெளிவு மிகவும் இன்றியமையாதது. சோர்ந்தவர் கோழை என்றோ, கடமையில் தவறியவர் என்றோ கருதுதல் பிழை. சுமக்க இயலாத சுமையை ஏற்றியபின் மாட்டைப் பழிப்பது எவ்வகை நீதி?

சோர்வினும் கொடிது ஒன்று உண்டு. அது மனச்சான்றில் படும் புண். 2020 மார்ச்சுத் திங்களில் இத்தாலி நாட்டின் வடபகுதி மருத்துவமனைகள் நோயாளிகளால் நிரம்பி வழிந்தன. மூச்சுக் கருவி ஒன்று; வேண்டி நிற்போர் பலர். யாருக்கு அளிப்பது, யாருக்கு மறுப்பது? 2021ஆம் ஆண்டு ஏப்பிரல், மே திங்களில் தில்லி மாநகரத்து மருத்துவமனைகள் பலவற்றில் உயிர்வளி போதாமல் நோயாளிகள் தவித்தனர். கலன் எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்து நின்ற மருத்துவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். கற்ற கல்வி கையில் இருந்தது. காப்பதற்குக் கருவி இல்லை. தம்மீது குற்றம் இல்லையென அறிவு கூறினும், காத்திருக்கலாமே என்று நெஞ்சு கூறும். இப்புண் எளிதில் ஆறுவதில்லை.

இத்துயரம் எத்துணைப் பேரைப் பற்றியது என்பதைக் காட்டும் ஆய்வுகள் உள்ளன. 2020 சனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் சீன நாட்டில் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த மருத்துவரும் செவிலியருமாகிய 1,257 பேரிடம் வினாக்கள் விடுத்து ஆராய்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 50 பேரிடம் மனத்தளர்ச்சியின் அறிகுறிகளும், 45 பேரிடம் பதற்றமும், 34 பேரிடம் உறக்கமின்மையும், 70 பேருக்கு மேற்பட்டோரிடம் மனவேதனையும் காணப்பட்டன. மருத்துவரினும் செவிலியரிடத்தும், பிற ஊராரினும் ஊகான் நகரத்தாரிடத்தும், நோயாளிகளை நேரே பேணியவரிடத்தும் துன்பம் மிக்கிருந்தது. நோயாளிக்கு எவர் மிக அணுக்கமாக நின்றாரோ அவரே மிகுதியாக வருந்தினார் என்பது இதனால் விளங்கும்.

தொற்று நீங்கியதும் இத்துன்பமும் நீங்கிவிடுமா? 2003ஆம் ஆண்டில் சார்சு என்னும் நோய் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பரவியது. அது அடங்கி 13 முதல் 26 திங்கள் சென்றபின், அந்நோயாளிகளைப் பேணிய டொராண்டோ மருத்துவமனைப் பணியாளரையும், அந்நோய் காணாத ஆமில்டன் நகரத்துப் பணியாளரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். முன்னவரிடத்துச் சோர்வும் மனவேதனையும் அப்போதும் மிகுந்திருந்தன. ஆயினும் அவ்வாய்வு ஆறுதலான உண்மை ஒன்றையும் உரைத்தது. தமக்குப் போதிய பயிற்சியும் பாதுகாப்பும் துணையும் கிடைத்தன என்று கருதியவர்கள் குறைவாகவே பாதிக்கப்பட்டிருந்தனர். எனவே, இத்துன்பம் விதியன்று. தக்க ஏற்பாட்டினால் குறைக்கத் தக்கதே.

தக்க ஏற்பாடு எது என்பதற்குச் சீன நாட்டில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று நல்ல சான்றாகும். ஊனான் மாநிலத்துச் சாங்சா நகரில் உள்ள சியாங்யா இரண்டாம் மருத்துவமனையார், தொற்றுக் காலத்தில் தம் பணியாளர்க்கு உதவ உளநல வல்லுநர் குழு ஒன்றை அமைத்தனர். தொலைபேசியில் பேசலாம், கூடி உரையாடலாம் என்று அறிவித்தனர். ஆனால், பணியாளர்கள் அவ்வுதவியை நாட முன்வரவில்லை. செவிலியர் சிலர் எரிச்சலுற்றும், ஓய்வெடுக்க மறுத்தும், உள்ளம் வருந்தும் அறிகுறிகளோடு காணப்பட்டனர். எனினும், தமக்கு ஒரு குறையும் இல்லை என்றே அவர்கள் கூறினர்.

வல்லுநர்கள் வியந்தனர், ஆயினும் சினந்தாரில்லை. பணியாளரிடம் சென்று, அவர்களுக்கு வேண்டுவது யாது எனக் கேட்டனர். அப்போது உண்மை புலப்பட்டது. அவர்கள் வேண்டியவை, இடையீடற்ற ஓய்வும், போதிய பாதுகாப்புப் பொருள்களும், அஞ்சிப் பதறும் நோயாளிகளை எவ்வாறு அமைதிப்படுத்துவது என்னும் பயிற்சியுமே. தமக்கு நோய் வருவதைக் காட்டிலும் தம்மால் குடும்பத்தாருக்கு நோய் வருமோ என்றும், தம்மைக் குறித்துக் குடும்பத்தார் கவலுறுவரே என்றும் அவர்கள் பெரிதும் வருந்தினர்.

இதனை உணர்ந்த மருத்துவமனையார் தம் முறையை மாற்றினர். குடும்பத்தாரிடமிருந்து விலகித் தங்கி இளைப்பாறத் தனியிடம் அமைத்தனர். உணவும் அன்றாடப் பொருள்களும் குறைவின்றி அளித்தனர். மருத்துவமனையில் தாம் பணிபுரியும் வகையைப் படம் பிடித்து வீட்டாருக்கு அனுப்பி, அவர்தம் கவலையைத் தணிக்க வழி செய்தனர். கவச உடையைப் பயன்படுத்தும் முறையைத் தெளிவாக வகுத்தனர். ஒத்துழையாத நோயாளிகளால் இடர் நேராவண்ணம் காவலரை நிறுத்தினர். இவற்றுக்குப் பின்னரே உளநல வல்லுநர் ஓய்விடத்திற்குச் சென்றனர். அறிவுரை கூறச் செல்லவில்லை. பணியாளர் தம் கதையைச் சொல்லக் கேட்பதற்குச் சென்றனர். அப்போது பணியாளர் மனம் திறந்தனர். பசித்தவனுக்கு முதலில் சோறு, பின்னரே சொல். இவ்வெளிய உண்மையை உணர்ந்ததே அம்மருத்துவமனையாரின் சிறப்பு.

உதவியை நாடாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது பழிக்கு அஞ்சுதல். நியூயார்க்கு நகரத்து மருத்துவமனை ஒன்றில் அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவராய் விளங்கியவர் லோர்னா பிரீன் அம்மையார். அவர் தொற்றுக்கு ஆளாகித் தேறிய சில நாளிலேயே பணிக்கு மீண்டார். ஓயாத உழைப்பும், காணப் பொறாத காட்சிகளும் அவர் உள்ளத்தைச் சிதைத்தன. உளநோய்க்கு மருத்துவம் செய்துகொண்டால் தம் தொழில் உரிமையே போய்விடுமோ என அவர் அஞ்சினார் என்று குடும்பத்தார் பின்னர்க் கூறினர். 2020 ஏப்பிரல் திங்களில் உள்ளத்து நோய் அவர் உயிரைக் கொண்டது. அவருடைய குடும்பத்தார் துயரத்தில் முடங்கிவிடாமல், மருத்துவப் பணியாளரின் உளநலம் காக்கச் சட்டம் வேண்டும் என்று முயன்றனர். 2022 மார்ச்சுத் திங்களில் அமெரிக்க நாட்டில் அவர் பெயராலேயே அத்தகைய சட்டம் நிறைவேறியது. கால் முறிந்தவன் கட்டுப்போட்டுக்கொள்ள நாணுவதில்லை. உள்ளம் நொந்தவன் மட்டும் நாணுவது ஏன்? நாணுமாறு செய்வது சமுதாயமே.

சமுதாயம் அக்காலத்தில் எவ்வாறு நடந்துகொண்டது என்பதையும் ஆராய்தல் நன்று. 2020 மார்ச்சு 22ஆம் நாள் மாலை 5 மணிக்கு நம் நாட்டு மக்கள் வாயிலிலும் மாடத்திலும் நின்று கைகொட்டியும், மணியடித்தும், தட்டுகளை ஒலித்தும் மருத்துவப் பணியாளர்க்கு நன்றி கூறினர். அது நல்ல செயலே. ஆனால், அந்நாட்களிலேயே மருத்துவரையும் செவிலியரையும் வாடகை வீட்டிலிருந்து வெளியேறச் சொன்னோரும் இருந்தனர். தெருவில் கண்டால் ஒதுங்கினோரும் இருந்தனர். 2020 ஏப்பிரலில் சென்னையில் மருத்துவர் ஒருவர் இந்நோயால் இறந்தார். அவர் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களைக் கூட்டம் ஒன்று கல்லெறிந்து விரட்டியது. உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர், இரவில் பணியாளர் இருவர் துணையுடன் மீண்டு சென்று, தம் கையாலேயே மண் தள்ளி நண்பரை அடக்கம் செய்தார். பல உயிர்களைக் காத்தவர்க்கு ஆறடி நிலமும் மறுத்தது அச்சம். அச்சத்தின் வேர் அறியாமை. உரிய முறையில் அடக்கம் செய்யப்பட்ட உடலினால் அயலார்க்கு நோய் பரவாது என்பதைக் கூட்டத்தார் அறிந்திருந்தால் கல்லெடுத்திருப்பரோ?

இந்நிகழ்ச்சிக்குப் பின், தொற்றால் இறந்தோரை அடக்கம் செய்வதைத் தடுத்தல் தண்டனைக்குரிய குற்றம் எனத் தமிழ்நாட்டரசு அவசரச் சட்டம் இயற்றியது. அதே திங்கள் 22ஆம் நாள் இந்திய அரசு 1897ஆம் ஆண்டின் கொள்ளை நோய்ச் சட்டத்தைத் திருத்தி, தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குக் கடுந்தண்டனை வகுத்தது. கொடுங்காயம் விளைத்தால் 7 ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் கல்லெறியும் கையைத் தடுக்கும். நெஞ்சில் அன்பை விதைப்பது கல்வியின் கடமை.

மருத்துவப் பணியாளரைத் தெய்வம் என்றும், வீரர் என்றும் போற்றுவது வழக்கமாகிவிட்டது. போற்றுதல் தவறன்று. ஆனால், தெய்வத்திற்குப் பசியில்லை. வீரனுக்கு அழுகையில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். புகழுரை சில வேளைகளில் வாய்ப்பூட்டாகவும் அமைந்துவிடுகிறது. வீரர் என்று புகழப்பட்டவர், ‘என்னால் இயலவில்லை’ என்று சொல்ல எவ்வாறு துணிவார்? நைட்டிங்கேல் அம்மையாரின் கை விளக்கை உலகம் பாடுகிறது. கிரிமியப் போர்க்களத்திலிருந்து மீண்டபின் அவர் நெடுங்காலம் நோயுற்றுப் படுக்கையில் வருந்தினார் என்பதை அறிந்தோர் சிலரே. விளக்கு எரிய எண்ணெய் வேண்டும். அவ்வெண்ணெயாவது ஓய்வும், பாதுகாப்பும், தக்க ஊதியமும், செவிசாய்த்துக் கேட்கும் துணையுமே.

2023 மே 5ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவின் நெருக்கடி நிலை முடிந்தது என அறிவித்தது. தொற்று தணிந்தது, ஆனால் மருத்துவமனைகளின் கதவுகள் மூடப்படவில்லை. இன்றும் ஒவ்வோர் இரவும் யாரோ ஒரு செவிலி உறக்கம் நீத்து யாரோ ஒருவரின் பக்கத்தில் நிற்கிறாள். அவளுக்கு மாணவர் செய்யத்தக்க உதவிகள் உள்ளன. மருத்துவமனைக்குச் சென்றால் கூட்டம் கூடாமலும் கூச்சலிடாமலும் இருத்தல் வேண்டும். காத்திருக்கும் வரிசையில் பொறுமை காட்டுதல் வேண்டும். ஆராயாமல் வதந்தியைப் பரப்புதல் கூடாது. செவிலியரின் மகனோ மகளோ நம்முடன் பயின்றால், அவர்களை ஒதுக்காமல் அணைத்துச் செல்லுதல் வேண்டும். பேணியவர்க்கு நன்றி என ஒரு சொல் கூறுதல் வேண்டும்.

இன்று இப்பாடத்தைப் பயில்வோருள் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் விளங்குவர். அவர்கள் சிறப்பாக உள்ளத்தில் இருத்தவேண்டுவது ஒன்றுண்டு. பிறர் துயர் துடைக்கும் தொழிலை ஏற்றவர் தம் துயரை மறைத்தல் வேண்டும் என்னும் விதி எந்நூலிலும் இல்லை. நெஞ்சு கனத்தால் நம்பிக்கைக்குரியாரிடம் கூறுதல் அறிவுடைமை. இந்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானசு என்னும் உளநல உதவிப் பணியை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் யாரும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் எனும் நான்கினுள் ஒன்று குறையினும் மருத்துவம் நிறைவுறாது. உழைச்செல்வானின் உள்ளம் ஒடிந்தால், சிறந்த மருந்தும் நோயாளியின் வாய்க்குச் சென்று சேர்வது எங்ஙனம்? ஆதலின், நம்மைப் பேணுவோரைப் பேணுதல் நாம் அவர்க்குச் செய்யும் அருளன்று. நமக்கு நாமே செய்துகொள்ளும் மருத்துவமாகும்.